கடல் காற்றின் மேல் விழுந்த பழி: ரேம் ஸ்லாட் சோதித்த அனுபவம்

கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கு மூன்று முறை பேருந்தில் போய்வந்த பிறகுதான், கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒரு முறைகூட ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, சோதித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. முதல் முறை தூசி தட்டி, பிராசஸருக்குச் சூடு கடத்தும் பேஸ்டை மாற்றித் தந்தார். ஒரு வாரத்தில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற பிழையோடு கணினி நின்றுபோகும் நீலத்திரை வரத் தொடங்கியது. இரண்டாம் முறை விண்டோஸை மறுபடி ஏற்றினார். மூன்றாம் முறை, இரண்டு ரேம்களில் ஒன்று பழுது என்று சொல்லிப் புதிதாக ஒரு 8 ஜிபி ரேமை விற்றார். அன்றிரவே மீண்டும் நீலத்திரை வந்ததால் தொலைபேசியில் கேட்டேன். கடல் காற்றில் மதர்போர்டு அரித்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்றார். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் ஊரில் அதை நம்பாமல் இருப்பது கடினம்.

நல்லவேளையாக, கழற்றிய பழைய ரேமைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நீங்களும் அதை விட்டுவிட்டு வராதீர்கள். என் மதர்போர்டில் ரேம் செருக நான்கு ஸ்லாட்டுகள்: ஏ1, ஏ2 இரண்டும் ஒரு சானல் (பிராசஸருக்குச் செல்லும் தனிப் பாதை), பி1, பி2 இரண்டும் இன்னொரு சானல். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் செருகி ஓட்டினேன். முதல் இரவு மின்சாரம் போய் இரண்டு மணி நேரச் சோதனை வீணானது. யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பழுது என்று சொல்லப்பட்டது உட்பட மூன்று ரேம்களும் நான்கு சுற்றுகளையும் பிழையின்றி முடித்தன.

ஆகவே ஒரே ரேமை வைத்துக்கொண்டு ஸ்லாட்டை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்த பிறகே ரேமைத் தொட்டேன். ஏ1-இல் பிழை இல்லை. பி2-இல் சில நிமிடங்களிலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் கொட்டின. பி1-இலும் அதே கதை. ஒரு ஸ்லாட் மட்டும் தோற்றிருந்தால் அரிப்பு என்று எண்ணி, துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தேடிப் போயிருப்பேன். ஒரே சானலின் இரண்டு ஸ்லாட்டுகளும் சேர்ந்து தோற்றதால், இரண்டுக்கும் பொதுவான, பிராசஸர் அமரும் சாக்கெட் பக்கம் சந்தேகம் திரும்பியது. கடல் காற்று சானல் பார்த்து வீசாது அல்லவா?

பிராசஸரை அழுத்திக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றியபோது விடை கிடைத்தது. ஒரு மூலைத் திருகு இறுதிவரை முறுக்கப்பட்டிருக்க, எதிர்மூலைத் திருகு விரலாலேயே சுழன்றது. அழுத்தம் ஒருபக்கமாகச் சாய்ந்தால் சாக்கெட்டின் சில பின்கள் பிராசஸரைச் சரியாகத் தொடாமல் போகலாம். கைபேசி வெளிச்சத்தில் பின்கள் வளையவில்லை என்று உறுதிசெய்து, புதுப் பேஸ்ட் இட்டு, எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினேன். பிறகு பி1, பி2 இரண்டிலும் பிழை பூஜ்யம். ஏ2, பி2 இரண்டிலும் ரேமைப் போட்டு இரவு முழுவதும் ஓட்டியும் பூஜ்யமே.

தேவையில்லாமல் வாங்கிய ரேமைத் திருப்பிக் கொடுக்க நான்காம் முறையும் பேருந்து ஏறினேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகையைக் கடைக்காரர் பேசாமல் சுட்டிக்காட்டினார்.