மேலே உதிரணும், கீழே குழையணும்: கிரம்பிள் நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2024 – ஞாயிறு

கிரம்பிள் என்றால் அடியில் பழம், மேலே வெண்ணெய் பிசிறிய மாவு தூவி ஓவனில் வேகவைக்கும் இங்கிலாந்து இனிப்பு. இந்தப் பருவத்துப் பிராம்லி ஆப்பிள் கடைக்கு வந்துவிட்டது. சமையலுக்கென்றே இங்கிலாந்தில் விளையும் பழம். பச்சையாகக் கடித்தால் பல் கூசும். நாட்டிங்ஹாம்ஷரில் சவுத்வெல் என்ற ஊரில், 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்த மரம்தான் இதற்கெல்லாம் தாய். பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் மேத்யூ பிராம்லியின் பெயர் பழத்துக்கு நிலைத்துவிட்டது. விதை போட்டவள் பெயர் நின்றிருக்க வேண்டும்.

ஆறு பேருக்கு அளவு: ஆப்பிள் 900 கிராம், அதற்குச் சர்க்கரை 80 கிராம். மேல்மாவுக்கு மைதா 200, உப்பில்லாத வெண்ணெய் 100, டெமராரா சர்க்கரை (பழுப்பு நிறப் பெருமணிச் சர்க்கரை) 100, உப்பு ஒரு சிட்டிகை. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் தராசு மட்டும் போதும். 180 டிகிரியில் 40 நிமிடம். ஃபேன் ஓவன் என்றால் 160.

மேலே நன்றாக வந்தது. கீழே ஆப்பிள் முழுக்கக் கரைந்து கூழாகிவிட்டது. சுவை அபாரம், ஆனால் மெல்ல ஒரு துண்டுகூட இல்லை. பிராம்லியின் குணமே அதுதான், வெந்ததும் பொங்கிக் குழைந்துவிடும்.

அக்டோபர் 13 – ஞாயிறு

பாதி பிராம்லி, பாதி காக்ஸ் என்ற இனிப்பு ஆப்பிள். காக்ஸ் வெந்தாலும் உருக்குலையாது. பிராம்லியை மூன்று சென்டிமீட்டர் துண்டாகவும், காக்ஸை ஒரு சென்டிமீட்டர் வில்லையாகவும் நறுக்கினால் இரண்டும் ஒன்றாக வேகும். இப்போது புளிப்புக் குழம்பில் இனிப்புத் துண்டுகள் கிடக்கின்றன. இனி இதுதான்.

கறுக்காமல் இருக்க வாழைக்காயைப் போல ஆப்பிளைத் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. ஒட்டி வரும் தண்ணீர் அத்தனையும் ஓவனில் ஆவியாகி மேல்மாவைத்தான் நனைக்கும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பிரட்டினால் போதும்.

மேல்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசிற வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, அங்கேதான் சூடு அதிகம். கையை உயர்த்தி, கட்டைவிரலை மற்ற விரல்கள்மேல் தேய்த்தபடி மாவை உதிரவிட்டால் காற்றும் படும், வெண்ணெயும் உருகாது. ஐந்து நிமிடத்தில் மாவின் வெள்ளை மறைந்து மங்கலான மஞ்சள் வரும். புட்டு மாவுக்குப் பார்க்கும் அதே பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். சர்க்கரையைப் பிசிறி முடித்த பிறகே சேர்க்கணும். கடைசியாகக் குளிர்ந்த தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி தெளித்து, முள்கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றினால் பட்டாணி பட்டாணியாகத் திரளும். அப்படியே பத்து நிமிடம் ஃப்ரீசரில்.

பழத்தின்மேல் தூவ வேண்டும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் களியாகிவிடும்.

அக்டோபர் 20 – ஞாயிறு

வெண்ணெய் இளகியிருந்தது, மாவும் சப்பாத்தி மாவு போல ஒன்றாகத் திரண்டுவிட்டது. அதை வீணாக்க வேண்டியதில்லை: உருட்டி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, கேரட் துருவியில் பெரிய கண்ணில் துருவினால் தூவும் பதத்துக்கு வரும். பிஸ்கட் போலக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், உதிரும் நயம் திரும்பாது.

நவம்பர் 3 – ஞாயிறு

ஆப்பிள் 600, உறைந்த பிளாக்பெர்ரி 250. பெர்ரியை உருகவிட்டால் சாறு முழுக்கப் பாத்திரத்தில் நின்றுவிடும். உறைந்தபடியே கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டியில் பிரட்டிப் போட வேண்டும். நேரம் 50 நிமிடம்.

மேல்புறம் சிவந்ததை வைத்து எடுக்கக் கூடாது. ஓரத்தில் சாறு கெட்டியாக, மெதுவாகக் குமிழ் விட வேண்டும். நடுவிலும் ஒரு குமிழ் தெரிய வேண்டும். கொதிக்காத கார்ன்ஃப்ளார் கெட்டிப்படாது, மாவு வாசனையும் போகாது. மேல் முன்னமே சிவந்துவிட்டால் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டு வேகவிடலாம். கீழ்த்தட்டில் ஒரு ட்ரே வைக்கணும், பெர்ரிச் சாறு ஓவனில் வழிந்து கருகினால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

எடுத்தவுடன் பரிமாற வேண்டாம். கால் மணி நேரம் ஆறட்டும், அதற்குள் சாறு இறுகிவிடும்.

நவம்பர் 10 – ஞாயிறு

கிரம்பிள்மேல் ஊற்றிக்கொள்ள கஸ்டர்ட். பால் 300 மில்லி, கிரீம் 100 மில்லி, மஞ்சள் கரு 3, சர்க்கரை 40 கிராம், கார்ன்ஃப்ளார் 2 தேக்கரண்டி, கொஞ்சம் வெனிலா. கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளார் மூன்றையும் முதலில் அடித்து, சூடான பாலை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று விட்டுக் கலக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் முட்டை திரிந்துவிடும். திரும்ப அடுப்பில் வைத்துச் சிறு தீயில் கிளறி, கரண்டியின் பின்புறத்தில் விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் இறக்கலாம்.

முட்டை சேர்க்காத வீட்டில் கஸ்டர்ட் பவுடர் தாராளமாகப் போதும். மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரெட் பேர்ட் 1837-இல் செய்த பவுடர் அது. நம் ஊரில் ஃப்ரூட் சாலட்டுக்குக் கலக்குவதும் அந்த வழி வந்ததுதான்.

பிப்ரவரி 2, 2025 – ஞாயிறு

ருபார்ப். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் வேக்ஃபீல்ட், மார்லி, ராத்வெல் வட்டாரத்து இருட்டுக் கொட்டகைகளில் வளர்த்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கும் இளஞ்சிவப்புத் தண்டு. இலை நஞ்சு, ஒட்டியிருந்தால் முழுக்க வெட்டி எறிய வேண்டும்.

இதில் நீர் எக்கச்சக்கம். பச்சையாகப் போட்டு மாவைத் தூவினால் மேலடை சாற்றில் மூழ்கிவிடும். அதனால் 700 கிராம் தண்டை நாலு சென்டிமீட்டராக நறுக்கி, 100 கிராம் சர்க்கரை, ஒரு ஆரஞ்சின் துருவிய தோலோடு, 200 டிகிரியில் 12 நிமிடம் தனியே வேகவைத்துச் சாற்றை வடிக்கலாம். வடித்ததைப் பாதியாகச் சுண்டவைத்து மூன்று கரண்டி மட்டும் திரும்ப விடணும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம்தான் சரி. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மேல்மாவில் சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி. ருபார்ப்புக்கு இஞ்சி அவ்வளவு பொருந்துகிறது.

மீந்த சாற்றைச் சோடாவில் கலக்கலாம்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

மைதாவில் 50 கிராமைக் குறைத்து, அந்த அளவுக்கு ஓட்ஸ் சேர்த்தால் மொறுமொறுப்பு மறுநாள்வரை ஓரளவு நிற்கிறது. பெரிய இலை ஓட்ஸாக இருக்கட்டும், உடனடி ஓட்ஸ் பசையாகிவிடும்.

மேல்மாவை இரட்டிப்பாகப் பிசிறி, பாதியைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாயிற்று. உருகவிடாமல் அப்படியே தூவலாம், ஐந்து நிமிடம் மட்டும் கூடுதல். மிஞ்சிய கிரம்பிளைச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு சவசவத்துவிடும். 160 டிகிரி ஓவனில் 15 நிமிடம்.