தபரிஸ்தான் அரைத் திர்ஹம்: பெயரையும் ஆண்டையும் படித்த விதம்

காஸ்பியன் கடலின் தென்கரையில் உள்ள தபரிஸ்தானை அரபு கலீஃபா மரபினரான அப்பாசியர் 760ஐ ஒட்டிப் பிடித்தபோது, பழைய பாரசீக அரசமரபான சாசானியரின் பாணியில் இருந்த அரைத் திர்ஹம் என்னும் வெள்ளிக்காசை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்புறம் முடிசூடிய அரசன் தலை, பின்புறம் நெருப்புப் பீடமும் இரு காவலரும். முகத்துக்கு எதிரே உள்ள பெயர்தான் மாறியது. ஆளுநர் உமர் இப்னு அல்-அலாவின் காசுகளில் அது முதலில் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியில் வரும். பிந்தியவற்றில் கூஃபி என்னும் கோணலான பழைய அரபி எழுத்தில் 'உமர்' என்று வரும். பின்புறத்தில் பஹ்லவியே நீடித்தது.

முதல் வேலை எடை. இரண்டு கிராமை ஒட்டி இருந்தால் அரைத் திர்ஹம். நான்கை ஒட்டி இருந்தால் வேறு வகை. தகடு மிக மெல்லியது, பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும். விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும்; வளைந்த காசை நிமிர்த்தப் பார்த்தால் உடைந்துவிடும். தேய்த்துக் கழுவவும் கூடாது, எழுத்தின் கூர்மை போய்விடும். பத்து மடங்கு லென்ஸும், பக்கவாட்டில் தாழ வைத்த ஒரே விளக்கும் போதும். காசைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் நிழலில் எழுத்து எழும்பும்.

அரபிப் பெயர் எளிது. சிரமம் பின்புறத்தில். வலக்காவலர் பக்கம் 'தபரிஸ்தான்', இடப்பக்கம் ஆண்டு. ஆண்டு எண்ணாக அல்ல, சொல்லாக, ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கும்: 'ஹஃப்த் வீஸ்த் சத்', அதாவது ஏழு, இருபது, நூறு: 127. ஏழும் எட்டும் (ஹஃப்த், ஹஷ்த்) நடு எழுத்தில் மட்டும் வேறுபடும். தேய்ந்த காசில் பலர் தவறுவது இங்கேதான். பஹ்லவியில் ஒரே கோடு வ, ந, ர என மூன்றாகவும் வாசிக்கப்படும் என்பதால், எழுத்தெழுத்தாகக் கூட்டாமல், தெளிவான காசில் உள்ள முழுச்சொல்லின் வடிவத்தோடு ஒப்பிடுவதே நல்லது.

பிறகு சகாப்தம், அதாவது ஆண்டு எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. 127ஐ ஹிஜ்ரி என்று கொண்டால் 744-45, கடைசிச் சாசானிய அரசன் யஸ்தகிர்து முடிசூடிய ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கென்றால் 758-59. இரண்டிலும் தபரிஸ்தான் இன்னும் உள்ளூர் அரசன் குர்ஷீதின் கையில். அரபு ஆளுநர் பெயர் வர வழியே இல்லை. யஸ்தகிர்தின் மரணத்திலிருந்து எண்ணும் கணக்கில் 651ஐக் கூட்டினால் 778. உமரின் காலத்தோடு பொருந்துவது இது ஒன்றே.

கடைசியாக விளிம்பு: வார்ப்புப் போலியில் சுற்றிலும் மெல்லிய இணைப்புக்கோடும், எழுத்துக்களின் அடியில் குமிழிக் குழிகளும் தெரியும்.