விறகுத் தராசும் வரிக் கணக்கும்

சிங்கப்பூரில் கரிம வரி, அதாவது ஆலைகள் வெளியிடும் பசுமைக்குடில் வாயுவுக்கான வரி, 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024ல் 25, 2026ல் 45. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகள் கட்டுகின்றன. வரிக்குரிய வெளியீட்டில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டு கார்பன் கிரெடிட்டைக் கொண்டு ஈடுகட்டலாம்; ஒரு கிரெடிட் என்பது வேறொரு நாட்டில் ஒரு டன் வெளியீடு குறைந்ததற்கான சான்று. லட்சம் டன் ஆலைக்கு 5,000 கிரெடிட். அந்த ஐயாயிரமும் உண்மையிலேயே குறைந்த டன்தானா என்று பார்ப்பதுதான் எங்கள் மேசையின் வேலை. அதிகம் இடறுவது அடுப்புத் திட்டங்களில், அதாவது விறகைச் சிக்கனமாக எரிக்கும் புது அடுப்பை வீடுகளுக்குக் கொடுத்து, மிச்சமாகும் விறகைக் கிரெடிட்டாக விற்கும் திட்டங்களில்.

கணக்கு எளிது. ஒரு டன் விறகு எரிந்தால் ஏறக்குறைய 1.75 டன் கரியமில வாயு. ஆனால் வெட்டியது திரும்ப வளர்ந்துவிட்டால் காற்றுக்கு நட்டமில்லை. ஆகவே, காடு ஈடுகட்ட முடியாத பங்கை மட்டும் எண்ண வேண்டும். அந்தப் பங்கு 90 விழுக்காடு என்று போட்டால் மிச்சமாகும் ஒவ்வொரு டன் விறகுக்கும் 1.57 கிரெடிட். 30 என்று போட்டால் 0.52. அடுப்பு அதே, விறகு அதே, வருமானம் மூன்று மடங்கு. கோப்பில் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

அடுத்தது சமையலறை அளவீடு. காலையில் விறகுக் குவியலை நிறுத்து, ஈரப்பதம் குறித்து, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை நிறுக்க வேண்டும். குறைந்தது மூன்று நாள், திருவிழா நாள் கூடாது. சாப்பிட்டவர்களை எண்ணுவதிலும் முறை உண்டு: 15 முதல் 59 வயது வரையிலான ஆண் 1, அதற்கு மேற்பட்ட ஆணும் 14 வயதைக் கடந்த பெண்ணும் 0.8, 14 வயது வரையிலான பிள்ளை 0.5. ஈர விறகை உலர்ந்ததாக எழுதினால் தண்ணீரும் விறகுக் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய அடுப்பை மழைக்காலத்திலும் புதியதைக் கோடையிலும் அளந்தால், பருவத்தின் வித்தியாசம் அடுப்பின் சிக்கனமாகத் தெரியும்.

நம் ஊர் வீடுகளை நினைத்தால் மற்றொன்று புரியும். காஸ் வந்த பிறகும் கொல்லையில் வெந்நீருக்கு விறகடுப்பு எரிகிறது. திட்டம் நடக்கும் நாடுகளிலும் அப்படித்தான், பழைய அடுப்பும் புதியதும் இரண்டும் எரியும். "புது அடுப்பைப் பயன்படுத்துகிறீர்களா?" என்றால் கொடுத்தவர் மனம் நோகாமல் "ஆமாம்" என்பார்கள். "இன்று காலை எதில் சமைத்தீர்கள்?" என்று கேட்டு, பழைய அடுப்பின் சாம்பலையும் பார்க்க வேண்டும்.

இதை வாங்குபவரின் கவலையாக மட்டும் பார்ப்பது தவறு. சிங்கப்பூர் பாப்புவா நியூ கினியோடு 2023 டிசம்பரிலும் கானாவோடு 2024 மே மாதத்திலும் கார்பன் கிரெடிட்டுக்காக உடன்படிக்கை செய்தது. பாரிஸ் உடன்பாட்டின் 6ஆம் பிரிவுப்படி, விற்ற டன்னை விற்ற நாடு தன் வெளியீட்டுக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். குறையாத டன்னை விற்றிருந்தால், தன் இலக்கை எட்ட அந்த ஏழை நாடு வேறெங்கோ சொந்தச் செலவில் ஒரு டன் குறைத்தாக வேண்டும். பொய்க் கிரெடிட் அந்த நாட்டின் தலையில் ஏறும் கடன். கறாராகக் கேட்பது அவர்களுக்கும் செய்யும் நியாயம்.

சுருக்க அட்டவணை போதாது, வீடுவாரியான எடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நிஜ எடை 6.3, 4.85 என்று சில்லறையோடு வரும். எல்லா வீட்டிலும் 5, 10 கிலோ என்று முழு எண்ணாக இருந்தால், தராசு வைத்தார்களா, வாயால் கேட்டு எழுதினார்களா என்று எழுத்தில் விளக்கம் வரும்வரை கோப்பை நகர்த்தாதீர்கள்.