நாலாவது லயம், ஏழாம் நம்பர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குள் பிரியும் செம்மண் சாலையில் காரைத் திருப்பியதுமே அம்மா செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டார். கோயிலுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது. "கார்லதானேம்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்றேன். "இருந்தா என்ன, அம்மன் எல்லை வந்திடுச்சுல்ல" என்றார்.

அம்மா பிறந்தது இந்தத் தோட்டத்தில். பதினைந்து வயதிலிருந்து பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானில். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த இந்த லயத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆட்கள் வெளியேற, லயங்களையும் இடித்தாயிற்று. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் தொழிலாளர் பணத்தைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இந்தச் சுங்கை சிப்புட்காரர்தான். எங்கள் தோட்டத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மாரியம்மன் கோயிலும் அதன் முன்னால் ஒரு வேப்பமரமும் மட்டும் மிஞ்சின.

ஆடியில் பத்து நாள் திருவிழா. முதல் வெள்ளிக்கிழமை கொடியேற்றிக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் எல்லை தாண்டக்கூடாது என்பது பழைய கட்டு. இப்போது எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஜொகூர் பாருவில் இருக்கும் என் மாமா மகன் காப்போடு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். பூசாரியிடம் கேட்டதற்கு, "கவிச்சி தொடாம, பாய்ல படுத்தா போதும் தம்பி, எல்லைய அவ பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டாராம். இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காவிட்டால் காப்புக் கட்டவே ஆள் தேறாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. முதலில் தோட்டத்து முகப்பில் இருக்கும் முனியாண்டிக்குப் பூசை. சுருட்டு, எலுமிச்சம்பழம், ஒரு போத்தல். சேவல் அறுப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆயிற்று, பூசணிக்காய்தான் உடைக்கிறார்கள். மாமாவுக்கு அதில் இன்னும் மனக்குறை. "முனி சாமிக்குச் சாம்பார் சோறாடா போடுறது?" என்று வருடா வருடம் கேட்கிறார். யாரும் பதில் சொல்வதில்லை.

இரவு எட்டு மணிக்கு ரதம் கிளம்பியது. பனங்குலை ஏற்றும் டிராக்டர்தான் இழுத்தது. பின்னால் ஒரு ஜெனரேட்டர், உருமி மேளப் பையன்கள். அவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள். நடுவில் சினிமா மெட்டுக்குத் தாவியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரி, என் வயது அப்படி.

நான் எதிர்பார்க்காதது அதற்கப்புறம்தான். ரதம் கோயிலைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்திருந்தேன். அது நேராகச் செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஓலை, இருட்டு, ஈரமண் வாசம். கொஞ்ச தூரத்தில் டிராக்டர் நின்றது. முன்னால் போன பெரியவர் ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கைவிளக்கை அடித்துப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்: "மொத லயம், ஒண்ணாம் நம்பர்!"

கூட்டத்திலிருந்து ஒரு குடும்பம் அர்ச்சனைத் தட்டோடு முன்னால் வந்தது. தேங்காய் உடைந்தது, சூடம் காட்டினார்கள், திருநீறு கொடுத்தார்கள். டிராக்டர் பத்தடி நகர்ந்து மறுபடி நின்றது. "ரெண்டாம் நம்பர்!"

லயம் இருந்த காலத்தில் ரதம் எந்தெந்த வாசலில் நின்றதோ, அங்கெல்லாம் இப்போதும் நிற்கிறது. வாசல்தான் இல்லை. ஆள் வராத வீட்டுக்கும் பெரியவர் பெயரைக் கூப்பிட்டு, கொஞ்சம் காத்திருந்து, கோயில் செலவிலேயே ஒரு சூடம் காட்டச் சொல்கிறார். அந்தக் காலத்தில் கோயில் வரியை மாதாமாதம் செக்ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், பிடித்துக்கொள்வார்களாம். புத்தகத்தின் வரிசை அந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்றார்.

நாலாவது லயத்துக்கு வரும்போது மணி பத்தரை. "ஏழாம் நம்பர்!" என்றதும் அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பூசாரி பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா எடுத்த எடுப்பில் பாட்டியின் பெயரைச் சொன்னார். பாட்டி போய்ப் பதினோரு வருடம். பூசாரி கொஞ்சம் நிறுத்தி, "இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றார் மெதுவாக. அம்மா என் பெயரைச் சொன்னார்.

ரதம் எட்டாம் நம்பருக்கு நகர்ந்த பிறகும் அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பொதுக் குழாய் இருந்த உடைந்த சிமெண்டுத் திட்டுக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ தடவிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை. பாட்டி வைத்த மரத்தை லயத்தோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறார்கள். வேரிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் கிளம்பியிருந்தன. நாலு கொத்து ஒடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. ஆற்றங்கரையில் காலையிலேயே கரகம் சோடித்துவிட்டார்கள். ஆனால் மதியம் ஒரு மணிக்குத்தான் எடுத்தார்கள். ஏன் இந்த வெயிலில் என்று கேட்டேன். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் குளித்து வர அந்த நேரம் ஆகிவிடுமாம். இப்போது பால் நிறுக்க யாருமில்லை. கரகம் மட்டும் ஒரு மணிக்கு முன்னால் புறப்படுவதில்லை.

பாட்டி சொல்லிக் கேட்டது நினைவுக்கு வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தபோது, லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஊரடங்கும் வைத்தார்கள். அந்த வருடங்களில் இருட்டுவதற்குள் தீக்குழியை அவித்தாக வேண்டுமாம். இந்த முறையும் ஐந்தரைக்கெல்லாம் கங்கைச் சமன்படுத்திவிட்டார்கள். பூங்கரகம் முதலில் இறங்கியது. பின்னால் மஞ்சள் உடுத்திய நாற்பது ஐம்பது பேர். பட்டணத்து மளிகைக்கடைச் சீனர் வீட்டுப் பையனும் இருந்தான். கையில் வேப்பிலை, வாயில் "ஓம் சக்தி". நான் இறங்கவில்லை, பால்குழி ஓரத்தில் நின்று, ஓடி வந்தவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். உள்ளங்கைகள் எல்லாம் சில்லென்றிருந்தன.

திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு. காப்பை அவிழ்த்து, பந்தியில் அன்னாசிப் பச்சடியோடு சாப்பிட்டு எழுந்தபோது புத்தகத்துப் பெரியவர் வந்தார். அடுத்த வருடத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பாளி பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பருக்கு உன் பேர்தானேம்மா?"

"எனக்கு முட்டி வலி. இவன் பேரை எழுதுங்கண்ணே" என்றார் அம்மா.

பெரியவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பேனாவை உதறி எழுத ஆரம்பித்தார்.