பி.ஏ.எஸ்., அல்சியன் ப்ளூ: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

முதல் முறை திசுவியல் செய்முறைத் தேர்வுக்குப் (திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் தேர்வு) போனபோது மைக்ராஸ்கோப்பில் இரண்டு கல்லீரல் ஸ்லைடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் செல்கள் முழுக்க மெஜந்தா. இன்னொன்று கிட்டத்தட்ட வெளுத்துக் கிடந்தது. "இது பி.ஏ.எஸ்., அது டயஸ்டேஸ் கொடுத்த பிறகு செய்த பி.ஏ.எஸ்., செல்லில் இருப்பது கிளைகோஜன்" என்று சொன்னேன். சரிதான். (பி.ஏ.எஸ். என்பது பெரையோடிக் அமிலம், ஷிஃப் ரீஏஜென்ட் இரண்டையும் கொண்டு சர்க்கரைப் பொருள்களைக் காட்டும் சாய முறை; கிளைகோஜன் செல் சேமித்து வைக்கும் சர்க்கரை; டயஸ்டேஸ் அதைக் கரைக்கும் என்சைம்.) "மெஜந்தா எங்கிருந்து வந்தது?" என்று தேர்வாளர் கேட்டார். ஷிஃப் ரீஏஜென்ட்டிலிருந்து என்றேன். "பாட்டிலில் இருக்கும் ஷிஃப்புக்கு நிறமே கிடையாதே?" என்று அவர் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு அடுத்து வந்த நான்கு கேள்விகளும் அப்படியே போயின.

நான் படித்திருந்தது ஒரு அட்டவணை. இடது பக்கம் சாயத்தின் பெயர், வலது பக்கம் நிறம். கார்போஹைட்ரேட், மியூசின் (சளியில் இருக்கும், சர்க்கரை கோத்த புரதம்) பகுதிக்கு அந்த அட்டவணை உதவாது. காரணம், இங்கே ஒரே பொருள் ஒரு சாயத்தில் பிடிக்கும், இன்னொன்றில் பிடிக்காது. ஒரே சாயம் பி.எச். மாறினால் வேறு பொருளைப் பிடிக்கும். இரண்டாவது முறை படிக்க உட்கார்ந்தபோது நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு, இந்தச் சாயம் மூலக்கூறில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே படித்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பி.ஏ.எஸ்.ஸிலிருந்தே தொடங்குங்கள். மியூசினைக் காட்ட இதை 1946இல் மெக்மேனஸ் பயன்படுத்தினார். ஷிஃப் ரீஏஜென்ட் அதைவிடப் பழையது. ஹ்யூகோ ஷிஃப் 1866இல் ஆல்டிஹைடுகளைக் கண்டறிய உருவாக்கியது. இந்த இரண்டு வருடங்களைச் சேர்த்து யோசித்தாலே பாதி புரிந்துவிடும். ஆல்டிஹைடைக் காட்டும் கரைசல் ஏற்கெனவே இருந்தது. திசுவில் உள்ள சர்க்கரையில் ஆல்டிஹைடை உண்டாக்க ஒரு வழிதான் தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்வது பெரையோடிக் அமிலம். சர்க்கரை வளையத்தில் அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் ஹைட்ராக்சில் இருந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள பிணைப்பை அது வெட்டும். வெட்டிய இடத்தில் இரண்டு ஆல்டிஹைடுகள் நிற்கும்.

ஷிஃப்பில் இருப்பது பேசிக் ஃபுக்சின். கந்தக டை ஆக்சைடு அதன் நிறம் தரும் அமைப்பைக் கலைத்து வைத்திருக்கிறது, அதனால்தான் பாட்டிலில் நிறமில்லை. ஆல்டிஹைடோடு சேர்ந்ததும் நிறம் திரும்புகிறது. ஷிஃப்பிலிருந்து எடுக்கும்போது, ஸ்லைடில் உள்ள மெல்லிய திசுத் துண்டான செக்‌ஷன் வெளிர் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் கழுவும்போதுதான் மெஜந்தா ஏறும். அதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது. கழுவும் நேரத்தைக் குறைக்கவே கூடாது என்பதும் அப்போது தானாகப் புரியும்.

இதிலிருந்தே இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்திய திசுவில் பி.ஏ.எஸ். ஏன் நம்பகமில்லை? பதப்படுத்தும் அந்தக் கரைசலே திசுவில் தனி ஆல்டிஹைடுகளை விட்டுச் செல்கிறது. பெரையோடிக் அமிலம் வெட்டுவதற்கு முன்பே ஷிஃப்புக்குப் பிடிக்க இடம் கிடைத்துவிடும். சந்தேகம் வந்தால், பெரையோடிக் அமிலம் கொடுக்காமல் ஷிஃப் மட்டும் போட்ட செக்‌ஷன் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, டயஸ்டேஸுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். பயிற்சியின்போது ஒரு நாள் ஜோடி ஸ்லைடு செய்தேன். ஒன்றுக்கு மட்டும் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் டயஸ்டேஸ், பிறகு இரண்டுக்கும் பி.ஏ.எஸ். வெளியே எடுத்தால் இரண்டும் ஒரே மெஜந்தா. நான் உடனே நோட்டில் "டயஸ்டேஸுக்குக் கரையாதது" என்று எழுதிவிட்டேன். கல்லீரலில் அப்படி எழுதுவது சாதாரண விஷயமில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தின் குறைபாட்டில் கல்லீரல் செல்களுக்குள் தெரியும் உருண்டைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்குப் பாடம் எடுத்தவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கிளைகோஜன் நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த கல்லீரல் துண்டு ஒன்றையும் அதே தொகுதியில் ஓட்டியிருந்தேன், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், அதுவும் இரண்டு பக்கமும் மெஜந்தா. நான் எடுத்தது பழைய டயஸ்டேஸ் கரைசல், அதில் வீரியம் போய்விட்டிருந்தது. புதிதாகக் கரைத்து மறுபடி ஓட்டினேன், கன்ட்ரோலும் வெளுத்தது, என் ஸ்லைடும் வெளுத்தது. அன்று நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

டயஸ்டேஸ் ஏன் கிளைகோஜனை மட்டும் கரைக்கிறது என்றும் கேட்பார்கள். அது நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் வகைதான்; ஆல்ஃபா-1,4 பிணைப்பில் கோத்த குளுக்கோஸ் சங்கிலியை வெட்டும். மியூசின், அடித்தளச் சவ்வு, பூஞ்சையின் சுவர் எல்லாம் வேறு விதமாகக் கட்டப்பட்டவை, அதனால் அவற்றின் மெஜந்தா அப்படியே நிற்கும். விப்பிள் நோயில் (பாக்டீரியாவால் வரும் குடல் நோய்) சிறுகுடலின் மேக்ரோஃபேஜ்களில் தெரிவதும் இப்படி நிற்கும் மெஜந்தாதான். அப்புறம், கிளைகோஜன் செல்லின் ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டுத் தெரிந்தால் அதை நோயாக எண்ண வேண்டாம். பதப்படுத்தும் கரைசல் திசுவுக்குள் ஊடுருவும் திசையில் அது தள்ளப்படுகிறது.

அல்சியன் ப்ளூவில் பிடிக்கும் இடமே வேறு. இது செம்பு கொண்ட தாலோசயனின் சாயம், நேர்மின்னூட்டம் உள்ளது. 1950இல் ஸ்டீட்மன் இதைத் திசுவியலுக்குக் கொண்டுவந்தார். எதிர்மின்னூட்டம் உள்ள அமில மியூசினோடு உப்புப் பிணைப்பில் சேரும். மின்னூட்டமில்லாத நியூட்ரல் மியூசினில் சேராது. அமில மியூசினில் மின்னூட்டம் தருவது கார்பாக்சில், சல்ஃபேட் என இரண்டு. 3 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த, பி.எச். 2.5 கரைசலில் இரண்டுமே மின்னூட்டத்தோடு இருக்கும், இரண்டும் நீலமாகும். பி.எச். 1.0இல் கார்பாக்சில் மின்னூட்டத்தை இழந்துவிடும். சல்ஃபேட் மட்டும் நீலம். இவ்வளவு புரிந்தால், "பி.எச். 1.0 முடிந்ததும் ஏன் தண்ணீரில் அலசாமல் ஒற்றி எடுக்கிறோம்?" என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவையில்லை. தண்ணீர் பட்டால் பி.எச். ஏறும், ஒதுங்கியிருந்த கார்பாக்சிலும் சாயத்தைப் பிடிக்கத் தொடங்கும்.

எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது ஒன்று. இணைப்புத் திசுவில் இருக்கும் ஹையலூரானிக் அமிலமும் சர்க்கரைதானே, அதிலும் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் இருக்கிறதே, ஏன் பி.ஏ.எஸ்.ஸில் வராது? அதன் எதிர்மின்னூட்டம் பெரையோடேட் அயனியைக் கிட்டே வரவிடாமல் தள்ளுகிறது. நாம் கொடுக்கும் ஐந்து, பத்து நிமிடத்தில் வெட்டு நடப்பதில்லை. அதனால் அது அல்சியன் ப்ளூ பி.எச். 2.5இல்தான் தெரியும். அதைக் கரைக்கும் என்சைமான ஹையலூரானிடேஸ் கொடுத்த ஜோடி ஸ்லைடில் நீலம் மறைந்தால், அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். டயஸ்டேஸில் கற்ற அதே ஜோடித் தர்க்கம்.

இரண்டையும் ஒரே ஸ்லைடில் செய்யும்போது அல்சியன் ப்ளூ முதலில், பி.ஏ.எஸ். பிறகு. அமில மியூசின் முதலிலேயே நீலத்தில் நிரம்பிவிடும், மீதமுள்ள நியூட்ரல் மியூசின் மெஜந்தா எடுக்கும், இரண்டும் கலந்த இடம் ஊதா. இதற்குப் பயிற்சி எடுக்க ஒரே ஒரு பிளாக் (மெழுகில் பதித்த திசு) கிடைக்கும் என்றால், இரைப்பையும் டியோடினமும் (சிறுகுடலின் தொடக்கம்) சேரும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் மெஜந்தா, டியோடினத்தின் ப்ரன்னர் சுரப்பிகளும் மெஜந்தா, அவற்றுக்குப் பக்கத்திலேயே குடலில் மியூசின் சுரக்கும் கோப்லெட் செல்கள் நீலமும் ஊதாவுமாக. நான் அந்த ஒரு ஸ்லைடை வாரக்கணக்கில் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அழகாகவே இருந்தது. உணவுக்குழாயில் இருக்கக்கூடாத கோப்லெட் செல்லைத் தேடும்போது இந்தச் சாயம் ஏன் உதவுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: உட்கருவுக்கு நீலம் ஏற்றும் ஹீமாடாக்சிலினை மிக லேசாகக் கொடுங்கள். அது அடர்ந்தால் அல்சியன் நீலத்தோடு குழம்பி, ஊதா எது நீலம் எது என்று சொல்ல முடியாமல் போகும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. மியூசிகார்மைன் சாயத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் உறை சிவப்பாகும் என்பதை மறக்காதீர்கள், கட்டாயம் கேட்பார்கள். ஹை அயர்ன் டையமைன் என்ற சாயம், சல்ஃபேட் உள்ள மியூசினைக் கருப்பாக்கும்; அதன் ரசாயனங்கள் ஆபத்தானவை, எனவே கொள்கையைத் தெரிந்துகொண்டால் போதும்.

தேர்வு நாளன்று கரைசல்களைத் தொடுவதற்கு முன் ஷிஃப்பைச் சோதியுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். பிறகு, கொஞ்சம் ஃபார்மலினில் சில சொட்டு விடுங்கள். சட்டென்று சிவந்த ஊதாவானால் நல்லது. மெதுவாக, கருநீலமாக மாறினால் அந்தப் பாட்டிலை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது முறை போனபோது கோப்லெட் செல் தெரியும் ஸ்லைடைத்தான் வைத்தார்கள். நான் சொல்லி முடித்ததும், "இந்த நீலத்தை எப்படி நம்புவது?" என்று தேர்வாளர் கேட்டார். பக்கத்தில் தயாராக வைத்திருந்த கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.