மெக்னீசியம் மாத்திரையும் என் வீசிங்கும்

எனக்கு வீசிங் என்று தெரிந்தவர்கள் எல்லாம் இப்போது ஆளுக்கொரு மெக்னீசியம் வீடியோ அனுப்புகிறார்கள், "இதைச் சாப்பிட்டா இன்ஹேலரே வேண்டாமாம்" என்று. அதில் பாதி உண்மை இருப்பதுதான் தொந்தரவு.

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குவதற்கு கால்சியம் வேண்டும், மெக்னீசியம் அந்தக் கால்சியத்துக்குக் குறுக்கே நின்று தசையைத் தளர்த்தும். அதனால்தான் நெபுலைசர், ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்தும் இழுப்பு அடங்காதவர்களுக்கு அவசரப் பிரிவில் 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை 20 நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் சரியாக இருப்பவருக்கும் ஏற்றுவார்கள், ஏனென்றால் அங்கே அது மருந்து, சத்துக் குறைக்கு ஈடு இல்லை. அதிலும்கூட, பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் வந்த காக்ரேன் தொகுப்பாய்வுதான் (பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது), பெரியவர்களை வார்டில் சேர்க்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது என்றது.

மாத்திரை கதை வேறு. அமெரிக்காவில் 55 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2010இல் வெளிவந்தது, தினம் 340 மில்லிகிராம், ஆறரை மாதம். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு முன்பு 2003இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் ஒன்றும் தேறவில்லை. இதை நம்பி தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தச் சொல்பவர்களுக்கு, அந்த இன்ஹேலர் அடக்கி வைக்கும் மூச்சுக்குழாய் வீக்கத்தைப் பற்றி யாராவது சொன்னால் தேவலை.

சரி, ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமே என்றால், உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராமில் பாதிக்கு மேல் எலும்பில், ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ரிப்போர்ட்டில் 1.9 என்று நார்மலாக அழகாக வரும், உள்ளே குறைவாகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால், யாருக்குக் குறையும் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். நம்மில் பலர் நெஞ்செரிச்சலுக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை வருடக்கணக்காக வெறும் வயிற்றில் போடுகிறோம், மெடிக்கலில் சீட்டு கேட்பதுகூட இல்லை. இந்த வகை மாத்திரைகளை நாள்பட எடுத்தால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2011லேயே எச்சரித்தது. நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். இழுப்பு வந்ததும் அடிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை அடிக்கடி அடித்தால் பொட்டாசியத்தோடு மெக்னீசியமும் கொஞ்சம் சரியும். கால் தசை பிடித்து இழுப்பது, படபடப்பு என்று இருந்தால் இந்த மாத்திரைப் பட்டியலோடு டாக்டரிடம் போங்கள்.

கேழ்வரகு, எள், நிலக்கடலை, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன், இன்ஹேலரும் தினம் எடுக்கிறேன். மாத்திரையாகப் போடுவதென்றால், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிவிடும். மற்றவர்களுக்கு அளவு மீறினால் வயிற்றுப்போக்கு.