போன் கணக்குல இன்னும் பொங்கலே வரல

போன ஞாயித்துக்கெழம மேலூர் பக்கத்துல இருந்து பெரியப்பா வந்திருந்தாரு. அழகர் ஆத்துல எறங்கி மலைக்குத் திரும்பி நாலு நாள்தான் ஆயிருக்கும், வெயிலு மண்டையப் பொளக்குது, மனுசன் மதுர மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காசு குடுக்க மனசில்லாம அண்ணாநகர் வரைக்கும் நடந்தே வந்துட்டாரு. மஞ்சப்பையில ஆறு தேங்கா, அதுக்கடியில பாலித்தீன் கவர்ல சுத்தி ரப்பர் பேண்டு போட்ட போனு.

"தம்பி, இந்தக் கழுத அப்டேட்டு அப்டேட்டுங்குது, அமுக்குனா ஒன்னும் ஓட மாட்டேங்குது. தேங்கா ஏவாரி பணத்தப் போட்டுட்டேங்கான், வந்துச்சா வரலையான்னு பாக்க முடியல."

விசயம் இதுதான். பணம் அனுப்புற ஆப்பு புதுசா அப்டேட் பண்ணாதான் உள்ளயே விடுவேங்குது, அப்டேட் பண்ணப் போனா ப்ளே ஸ்டோர் தொறக்காம ட்ரை அகெய்ன்னு ஒரு பட்டனக் காட்டிட்டு நிக்கிது. வர்ற வழியில ஒரு மொபைல் கடையில காட்டிருக்காரு, ரீசெட் அடிக்கணும், அதாவது போன்ல உள்ளதெல்லாம் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கணும், நானூறு ரூவா ஆகும்னு சொல்லிருக்காய்ங்க. நல்லவேள நானூறு ரூவாய்க்கு மனசு வரல அவருக்கு.

நமக்குதான் கம்ப்யூட்டர் படிச்ச திமிர் இருக்கே, அஞ்சு நிமிசத்துல முடிச்சுத் தாரேன் பெரியப்பா டீயக் குடிங்கன்னு வாங்கிட்டேன். மொதல்ல நெட்டுதான் சரியில்லன்னு என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்தேன், அதே ட்ரை அகெய்ன். செட்டிங்ஸ்ல ஆப்ஸ்க்குள்ள போயி ப்ளே ஸ்டோர் கேஷ, அதாவது அது தற்காலிகமா சேத்து வச்சிருக்குறத, கிளியர் பண்ணேன், கேட்கல, டேட்டாவும் கிளியர் பண்ணேன், கேட்கல. (ப்ளே ஸ்டோருக்கு டேட்டா கிளியர் பண்ணா போட்டோவும் போகாது ஆப்பும் போகாது, பயப்பட வேணாம். ஆனா அதே பட்டன வாட்ஸப்புல போயி அமுக்கிறாதீங்க. எங்க சித்தி ஒரு தடவ ஸ்பேஸ் பத்தலன்னு வாட்ஸப்புல டேட்டா கிளியர் அடிச்சு, பேக்கப்பும் இல்லாம, பேத்தி பொறந்தப்ப வந்த மெசேஜெல்லாம் போயி ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்துச்சு.)

அடுத்து ப்ளே ஸ்டோருக்கே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் குடுத்துப் பாத்தேன். சில சமயம் புதுசா வந்த அப்டேட்டே கோளாறா இருக்கும், 2021 மார்ச்ல ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூன்னு உள்ளுக்குள்ள இருக்குற ஒரு ஐட்டத்தோட அப்டேட்டு சொதப்பி ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப்பு தொறந்ததும் மூடிக்கிட்டது ஞாபகம் இருக்கும், அன்னிக்கி அந்த அப்டேட்ட எடுத்துவிட்டதும் சரியாப்போச்சு. இங்க அதுவும் பலிக்கல. சரி கூகுள் அக்கவுண்ட எடுத்துட்டு மறுபடி போடுவோம்னு பாஸ்வேர்டு கேட்டா, பெரியப்பா என்னைய மேலயும் கீழயும் பாக்குறாரு. "அதெல்லாம் போனு வாங்குனப்ப கடப் பையன்தான் போட்டுக் குடுத்தான்."

அப்பதான் எனக்கு அந்த நானூறு ரூவா ரீசெட்ட நெனச்சுப் பக்குன்னு ஆச்சு. ஆண்ட்ராய்டு 5.1ல இருந்தே ஒரு பூட்டு உண்டு, ரெக்கவரி மெனு வழியா, அதாவது போன அணைச்சுட்டு பட்டன அமுக்கி வர வைக்கிற மெனு வழியா, ரீசெட் அடிச்சா போன் மறுபடி ஆன் ஆகும்போது பழைய கூகுள் அக்கவுண்டுக்குள்ள நொழஞ்சு காட்டு இல்ல பழைய ஸ்கிரீன் லாக்கப் போடுன்னு கேக்கும், திருட்டுப் போனத் தடுக்க வச்சது. ரெண்டும் தெரியலைன்னா நம்ம போனுக்கு நாமளே திருடன். ஒங்க வீட்டுப் பெரியவங்க போன்லயும் கடப் பையன் போட்ட ஜிமெயில்தான் இருக்கும், போயி பாருங்க.

ஒன்ற மணி நேரம் ஓடிருச்சு. அம்மா சாப்பிடக் கூப்புடுது, பெரியப்பா போன வாங்கிப் பாத்துட்டு "பன்னெண்டு இருவது ஆச்சா, நான் கெளம்புறேன்"ங்காரு. சொவத்துக் கடிகாரத்துல பன்னெண்டு பத்து.

"பெரியப்பா, ஒங்க போன்ல பத்து நிமிசம் கூட ஓடுது."

"நாந்தாப்பா கூட்டி வச்சிருக்கேன். ஆறு பத்து பஸ்ஸ விட்டா அப்பறம் எட்டு மணிக்குதான்."

டேட் அண்ட் டைமத் தொறந்து பாத்தா ஆட்டோமேட்டிக் ஆஃப். கீழ 2019 ஜனவரி 9. போன் கணக்குப்படி பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள் கெடக்கு! நடந்தது என்னன்னா, பத்து நிமிசம் கூட்ட ஆட்டோமேட்டிக்க எப்பவோ அணைச்சிருக்காரு, திருவிழாவுக்கு அழகர்கோயில் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல தங்குனப்ப சார்ஜர் கொண்டு போகாம பேட்டரி சுத்தமா செத்துருக்கு, திரும்ப உயிர் வந்ததும் தேதி பின்னால ஓடிருச்சு, இவரு மணிய மட்டும் திருத்திட்டு வருசத்தப் பாக்கல. லாக் ஸ்கிரீன்ல வருசம் வராதுதான், ஆனா ஜனவரின்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு, ஒன்ற மணி நேரமா அதப் பாத்துக்கிட்டேதான் நானும் தொறந்து தொறந்து மூடிருக்கேன்.

தேதிக்கும் ப்ளே ஸ்டோருக்கும் என்ன சம்பந்தம்னு பெரியப்பா கேட்டாரு. பஸ் பாஸ் மாதிரின்னு சொன்னேன். அந்தப் பக்கம் இருக்குற சர்வர் நாந்தான் கூகுளுன்னு ஒரு சர்டிபிகேட் நீட்டும், அதுல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். நம்ம போனு கண்டக்டர் மாதிரி அத வாங்கிப் பாக்குது, இன்னிக்கி 2019, பாஸோ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, எறங்குய்யாங்குது. அம்புட்டுதான். ஆனா ஸ்கிரீன்ல மட்டும் நெட்டு சரியில்லங்குற மாதிரியே மெசேஜ் போடும், கடுப்பு.

இதுல உச்சம் என்னன்னா வாட்ஸப்பு மூணு நாளா சரியாத்தான் சொல்லிருக்கு, யுவர் போன் டேட் இஸ் இன்அக்யூரேட்னு. பக்கத்து வீட்டுப் பொடியன் அத டேட்டா தீந்துபோச்சுன்னு படிச்சுக் காட்டிருக்கான், பெரியப்பா ரெண்டு தடவ டேட்டா பூஸ்டர் போட்டிருக்காரு.

ஆட்டோமேட்டிக் போட்டதும் ப்ளே ஸ்டோர் பொசுக்குனு தொறந்துருச்சு. அதோட முடியல. நாப்பத்தொரு ஆப்பு அப்டேட்டுக்கு வரிசையில நிக்கிது, நமக்கு வேண்டியது டவுன்லோட் பெண்டிங்னு கடைசில நிக்கிது. மேல வலது பக்கம் நம்ம படத்தத் தொட்டா மேனேஜ் ஆப்ஸ்னு வரும், அதுல ஓடிக்கிட்டு இருக்குறதெல்லாம் கேன்சல் பண்ணிட்டு வேண்டியத மட்டும் அமுக்கணும். அங்கயே செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ப்ரிஃபரன்ஸ்னு ஒன்னு இருக்கு, அதுல ஆப் டவுன்லோடு வைஃபைல மட்டும்னு இருந்துச்சு. ஊருல யாரு வீட்டுல வைஃபை இருக்கு? மழைக்குக் காத்திருக்குற மாதிரி காத்திருக்க வேண்டியதுதான். நம்ம பக்கம் பெண்டிங்னு பொலம்புற பாதிப் பேருக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கேன்.

அதையும் மாத்துனா ஸ்பேஸ் இல்லங்குது. 32 ஜிபி போனு. ஆப்பு சைஸு அம்பது எம்பின்னா அம்பது எம்பி காலியா இருந்தாப் பத்தாது, புதுசு எறங்கி உக்காருற வரைக்கும் பழசும் கூடவே இருக்கும், ரெண்டுக்கும் எடம் வேணும். வாட்ஸப்பு செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுல மேனேஜ் ஸ்டோரேஜ் தொறந்தா அஞ்சு எம்பிக்கு மேல உள்ளதெல்லாம் தனியா வரும், பூவு, சாமி, குட்மார்னிங், ஏதோ ஒரு ஊரு ஜல்லிக்கட்டு வீடியோ அதே வீடியோ ஏழு தடவ. அழிச்சதுல நாலு ஜிபி கெடச்சுது. கிளீனர் ஆப்பெல்லாம் போடாதீங்க, எடம் இல்லாத வீட்டுக்கு இன்னொரு விருந்தாளி அது.

டாக்குமெண்ட்ஸ்ல ஒரு ஃபைலு, கல்யாணப் பத்திரிகைன்னு பேரு, கடைசில ஏபிகே. தெரியாத நம்பர்ல இருந்து வந்திருக்கு. "தொட்டீங்களா?"ன்னேன். "தொட்டேன், அனுமதி இல்லன்னுச்சு, விட்டுட்டேன். யாரு வீட்டுக் கல்யாணம்னு தெரியலையேன்னு மனசு கேக்காம கெடந்துச்சு"ங்காரு. பத்திரிகை போட்டோவா வரும், பிடிஎஃப்பா வரும், ஏபிகேவா வந்தா அது ஆப்பு, உள்ள பூந்து ஓடிபி மெசேஜ் எல்லாத்தையும் வெளிய அனுப்புற வேலதான் அதுக்கு. அப்டேட் வரலைன்னு யூட்யூபப் பாத்துட்டு எங்கிட்டாவது இருந்து ஏபிகே எறக்கிப் போடுறவங்களுக்கும் இதான் கதி. ஏமாந்து காசு போயிருச்சுன்னா யோசிச்சுக்கிட்டு இருக்காம ஒடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு அடிச்சுருங்க.

அந்த ஆப்பு ஒரு வழியா அப்டேட் ஆச்சு, தேங்காக் காசும் வந்துதான் இருந்துச்சு, மூணு நாளுக்கு முன்னாடியே. பெரியப்பா சாப்பிட்டுட்டு வெத்தல போட்டுக்கிட்டு, "எல்லாஞ் சரி, அந்தப் பத்து நிமிசத்தக் கூட்டி வச்சுக் குடு"ங்காரு. முடியாதுன்னு சொல்லிட்டு அஞ்சு முக்காலுக்கு அலாரம் மட்டும் வச்சு அனுப்புனேன்.

மக்கா நாள் காலைல ஆறே காலுக்குப் போனு. "ஏலே, ஒன்னாலதான் பஸ்ஸு போச்சு."